நர்ஸம்மாவின் சொம்பு நிறைந்திருந்தது

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் செய்தி வந்தது. எங்கள் முதியோர் இல்லத்துக்குப் புதிதாகப் பித்தளைச் சொம்புகள் செய்யச் சொல்லியிருந்தேன். பட்டறைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இல்லத்துக் காவல்காரர் மாரப்பன் சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். வந்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நர்ஸம்மா தவறிட்டாங்க" என்றார்.

எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. காய்ச்சல் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் மாலைகூடப் பார்த்துவிட்டு வந்தேன். புதுச் சொம்புகள் நாளைக்கு வந்துவிடும், முதல் சொம்பு உங்களுக்குத்தான் என்று சொன்னேன். தலையை அசைத்தார். சாகப்போகிறவர் என்று நினைக்க ஓர் அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை. பட்டறைக்காரரிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து, கையில் ஒரு சொம்போடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே இருந்த டாக்டர் சிறு வயதுக்காரர். யார் எவர் என்று பார்த்துப் பேசும் வழக்கம் இன்னும் வரவில்லை போலும். "உடம்பில் நீரே இல்லை. சிறுநீர் கட்டி, கிருமி ஏறி, சிறுநீரகம் கெட்டுவிட்டது. இது இரண்டு நாளில் வந்ததல்ல. உங்கள் இல்லத்தில் தண்ணீர் கொடுப்பதில்லையா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என்ன டாக்டர் இப்படிக் கேட்கிறீர்கள், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு எப்போதும் நிறைந்தே இருக்கும், நானே தினமும் சாயங்காலம் பார்க்கிறேன் என்று உரக்கச் சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. நிறைந்தே இருக்கும். தினமும் சாயங்காலம். அப்படியே வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்பது நர்ஸம்மாவை அறிந்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். அறியாதவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நர்ஸம்மா என்று ஊரே அழைத்த நாச்சம்மாள், கணியூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி ஓராண்டில் கணவர் போய்விட, பிறந்த வீட்டில் மூலையில் உட்கார மறுத்து நர்ஸ் படிப்புக்குப் போனவர். திருப்பூரில் பிரசவ விடுதியில் வேலைபார்த்தார். இன்றைக்கு இந்த ஊரில் பனியன் கம்பெனி வைத்துக்கொண்டு காரில் போகிறவர்களில் பலரைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் ஒரு தட்டுத் தட்டியவர் அவர்தான். "அந்த முதலாளியாங்க? பொறந்தப்ப அழுகவே மாட்டேன்னுட்டாரு. ரெண்டு அடி போட்டேன். இப்ப நிறுத்தவே மாட்டேங்கறாரு" என்பார். பெருத்த உடம்பு, வேகமான நடை, எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரல். காப்பி, டீ எதுவும் ஆகாது. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருப்பார். "நானெல்லாம் எருமைங்க. தொட்டியோட வெச்சாத்தான் ஆகும்" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார்.

நான் நெசவுக் குடும்பத்துக்காரன். வயிற்றுப் பிழைப்புக்குப் பனியன் கம்பெனிக்கு வந்து செக்கிங்கில் இருந்தவன். விளக்கு எரியும் பலகை மேல் துணியை இழுத்துப் பிடித்தால், ஊசி விட்ட இடம், எண்ணெய் சொட்டிய இடம், நூல் தளர்ந்த இடம் எல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தப் பெயரால்தான் முதலாளிகள் நான்கைந்து பேர் சேர்ந்து முதியோர் இல்லம் தொடங்கியபோது, குறை வராமல் பார்த்துக்கொள்வான் என்று என்னை மேனேஜராக வைத்தார்கள். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஓட்டுக் கட்டடம், இரண்டு கூடம், சமையல்கட்டு, பின்னால் கிணறு. நானும் குறை வராமல்தான் பார்த்துக்கொண்டேன் என்று நம்பினேன்.

மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து இல்லத்தைச் சுற்றிப் பார்த்து ஏட்டில் எழுத வேண்டும் என்று நிர்வாகக் குழு ஒரு விதி வைத்திருந்தது. முதலில் வந்தவர் ஒரு வக்கீல். பிறகு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இருவரும் கூடத்தின் நடுவில் நின்று, "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்பார்கள். எல்லாரும் ஒரே குரலில், "ஒண்ணும் கொறையில்லீங்க சாமி" என்பார்கள். ஏட்டில் "திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவதாக வந்தவர்தான் நர்ஸம்மா. அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம். அவர் இன்னும் வேலையில்தான் இருந்தார்.

வந்தவர் யாரிடமும் குறை கேட்கவில்லை. தோளில் தொங்கிய துணிப்பையிலிருந்து சொந்தத் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்துவிட்டார். உங்களுக்குத் தனியாக வைத்திருக்கிறோம் என்று நான் ஓடினேன். "கடைசி எலைக்கு என்ன வருதுன்னு பாக்கோணுமுங்க. மொத எலைக்கு எல்லா ஊட்டுலயும் நெய்தான்" என்றார். அன்றைக்குக் கடைசித் தட்டுக்குக் குழம்பில் காயே வரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. பரிமாறிய சமையல்காரரை முறைத்தேன். நர்ஸம்மா என் முறைப்பையும் கவனித்துக்கொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சாப்பிட்டதும் போய்விடுவார் என்று பார்த்தால், சாயங்காலம் வரை இருந்தார். ஒரு கிழவிக்குத் தலை வாரினார். ஒருவர் கால் நகத்தை வெட்டிவிட்டார். ஐந்தரை மணிக்குக் கூடத்து மூலையில் இருந்த பெரிய மண்பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். எத்தனை மணிக்கு நிரப்புவீர்கள் என்று கேட்டார். நாலு மணிக்கு என்றேன். மறுநாள் விடிந்ததும் மறுபடி வந்து அதே பானையைத் தூக்கிப் பார்த்தார். ஏட்டில் ஒரே ஒரு வரி எழுதினார்: "மாலைப் பானையில் தண்ணீர் குறையவில்லை."

நான் அதைப் பாராட்டு என்றே நினைத்தேன். நம் பக்கத்தில் நிறைகுடம் என்றால் மங்கலம். வெறும் குடம் எதிரே வந்தால் கிளம்பிய காரியத்தையே நிறுத்திவிடுகிறவர்கள் நாம். பானை எந்நேரமும் நிறைந்திருக்கிறது என்று ஒரு பெரிய அம்மாள் எழுதிவிட்டுப் போகிறார் என்றால் அதைவிட என்ன வேண்டும்? ஏட்டைத் தூக்கிக்கொண்டு நிர்வாகக் குழுத் தலைவரிடம் ஓடிக் காட்டினேன். அவரும் படித்துவிட்டு, பேஷ் என்றார்.

அடுத்த வாரம் பிரசவ விடுதிக்கே போய் நான் இதைச் சொன்னபோது நர்ஸம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க மேனேஜரு, இந்த வெயில்ல இத்தன பேரு இருக்கற ஊட்டுல, சாயங்காலத்துல இருந்து விடியறவரைக்கும் ஒரு பானைத் தண்ணி அப்படியே இருக்குதுன்னா, அது என்னங்க அர்த்தம்?"

தலை வாரிவிட்டபோது காளியம்மாள் என்ற அந்தக் கிழவி தன்னிடம் சொன்னதை நர்ஸம்மாவே எனக்குச் சொன்னார். நாலு மணிக்கு மேல் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ராத்திரியில் எழுந்திருக்க வேண்டும். கக்கூஸ் கிணற்றுக்கு அந்தப் பக்கம். நாற்பது தப்படி இருட்டு. கைபிடித்துக் கூட்டிப்போக இருந்தது ராமாத்தாள் என்ற ஒரே பணிப்பெண். அவளும் அலுத்துக்கொள்வாள். எதற்கு வம்பு என்று எல்லாரும் தொண்டை வறண்டபடி படுத்துக்கொள்கிறார்கள். இதை நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே என்றேன்.

"துணி ஓட்டைய மறைக்காதுங்க. மனுசங்க மறைப்பாங்க. அதுலயும் நம்ம சனம் இருக்குதே, உசுரு போறப்பக்கூட ஒண்ணுமில்லீங்கன்னுதான் சொல்லும். நீங்க ஊட்டுக்காரரு. சோறு போடறவருகிட்ட கொறை சொல்றது மருவாதியில்லைன்னு நெனைப்பாங்க."

அன்று மத்தியானமே நான் ராமாத்தாளை வேலையிலிருந்து நிறுத்தினேன். செக்கிங்கில் அதுதானே வழக்கம்? டேமேஜ் கண்டால் அந்த மிஷின் ஆளைக் கூப்பிடு, வெளியே அனுப்பு. எய்தவன் இருக்க அம்பை நோகிற புத்தி. இருட்டையும் தூரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, ஒற்றை ஆளாய் அத்தனை பேரையும் தாங்கிக்கொண்டிருந்தவளைத் துரத்திவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

அடுத்த மாதம் வந்த நர்ஸம்மா, ராமாத்தாள் எங்கே என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார், அவ்வளவுதான். நொய்யல் கரையோரம் ஒரு சாயப்பட்டறைக்குக் கூட்டிப்போனார். ராமாத்தாள் அங்கே தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நூல்சிட்டத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை நீலம். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, வாங்க என்றாள். திரும்ப வேலைக்கு வா என்றேன்.

"வேண்டாமுங்க. இங்க நல்லாத்தானுங்க இருக்குது. ஒரு கொறையுமில்லீங்க" என்றாள்.

திரும்பி வரும் வழியில் நர்ஸம்மா குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். பாலத்தருகே நின்று சொன்னார்: "நான் எழுதினது பானையைப் பத்திங்க. நீங்க படிச்சது ராமாத்தாளைப் பத்தி. இனிமே நான் ஒண்ணு எழுதறதுன்னா, யாரு வயித்துல அடிப்பீங்களோன்னு யோசிச்சுத்தான் எழுதோணும்."

அது என்னைச் சுட்டது. ஆனால் சுட்ட புண் ஆறிவிடும் அல்லவா, ஆறிவிட்டது.

அதற்குப் பிறகு சில காரியங்கள் நடந்தன. கிணற்றடி வரை அரிக்கேன் விளக்கு வைத்தோம். பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டினோம். செல்லம்மாள் என்பவர் பணிக்கு வந்தார். கூடத்தை ஒட்டியே ஒரு கக்கூஸ் கட்டுங்கள் என்று நர்ஸம்மா தலைவரிடம் நேரில் போய்க் கேட்டார். "சாமி படம் மாட்டியிருக்கற ஊட்டோட ஒட்டிக் கக்கூஸாங்க? நர்ஸம்மா, நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லலாமுங்களா?" என்று தலைவர் மிக மரியாதையாக மறுத்துவிட்டார். ஆண்டுதோறும் அவர் கேட்பார், இவர் மறுப்பார். தேர் நோம்பி மாதிரி அது வருஷம் தவறாமல் நடந்தது.

நர்ஸம்மா கேட்டதில் உடனே கிடைத்தது சொம்புகள்தான். பொதுப்பானையை எடுத்துவிட்டு, கட்டிலுக்கு ஒரு சொம்பு வைக்கச் சொன்னார். யார் குடிக்கவில்லை என்று ஆள்வாரியாகத் தெரியுமே. மாலை வேளையில் வந்தால் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து, "எனக்குத் தாகமா இருக்குது கண்ணு, ஒரு வாய் தண்ணி குடுங்க" என்பார். வீடு தேடி வந்தவர் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் நமக்கு ஏது? நடுங்கும் கையால் சொம்பைச் சாய்த்து ஊற்றுவார்கள். விருந்தாளி குடிக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று தாங்களும் ஒரு வாய் குடிப்பார்கள். அப்படியே கைபிடித்து, "வாங்க, காத்தாட நடந்துட்டு வரலாம்" என்று கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போவார். கூடம் முழுக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வயிற்றைத் தட்டிக்கொண்டு வருவார். எருமை என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டதன் ரகசியம் அதுதான்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் இல்லத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் இருந்தார்கள். நர்ஸம்மா எல்லார் சொம்பிலும் குடித்தார். நான் என் வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுபோவேன். அவர் அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் மட்டும் கூஜாவைத் தூக்கிப் பார்த்து, "மேனேஜரு நல்லாக் குடிக்கறாரு. இவரைப் பத்திக் கவலையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பார்வையே தனி. ஒரு தடவை நிர்வாகக் குழு முழுவதும் வந்திருந்த நாளில், ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்று இரண்டு பாட்டிகள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மற்றவர் தலையணையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். வாயில் வராத வசவெல்லாம் வந்தது. வந்தவர்கள் முன்னால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நர்ஸம்மா மட்டும் கல்யாண வீட்டில் நிற்பவர் போலச் சிரித்த முகமாக நின்றார். ஏட்டில், "இன்று இருவர் சண்டையிட்டார்கள். மிக்க மகிழ்ச்சி" என்று எழுதினார். தலைவர் ஏட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது சத்திரமில்லீங்க, நம்ம ஊடுன்னு நெனைச்சாத்தானே சண்டை போடத் தோணும்? வாயத் தொறக்காத ஊட்டுக்குத்தானுங்க நான் பயப்படறேன்" என்று அவருக்குப் பதில் சொன்னார். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தும் நான் கற்றுக்கொண்டது என்ன என்று இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது, என்மேல்தான்.

ஓய்வுபெற்ற பிறகும் மாதந்தவறாமல் வந்தார். சென்ற ஆண்டு கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப்போட்டு எழுந்தபோது ஒருவர் தாங்கினால்தான் நடக்க முடிந்தது. கணியூரிலிருந்து அண்ணன் மகன் வந்து கூப்பிட்டார். அவர் போகவில்லை. எங்கள் இல்லத்துக்கே வந்து, கூடத்துக் கடைசிக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சை வைத்தவரே நம் வீட்டில் வந்து தங்குகிறார் என்றால் அதைவிட வேறு சர்ட்டிபிகேட் வேண்டுமா? பார்க்கிற முதலாளியிடமெல்லாம் சொன்னேன். நர்ஸம்மாவே இங்கே இருக்கும்போது இனிப் பார்வையாளர் எதற்கு என்று புதிதாக யாரையும் நியமிக்கவில்லை. ஏட்டை அவர் கட்டிலுக்கே கொண்டுபோய், வழக்கம்போல எழுதுங்கள் என்றேன். "நான் இப்ப பாக்க வந்தவ இல்லீங்க, இருக்க வந்தவ. இருக்கறவங்க எழுதக் கூடாது. நீங்க வேற ஆளைப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைப் பணிவு என்று நினைத்தேன். வேற ஆளைப் பாருங்க என்றது என் காதில் ஏறவே இல்லை.

தினமும் சாயங்காலம் அவர் கட்டிலருகே போய் நின்று, "ஏதாச்சும் குறைங்களா நர்ஸம்மா?" என்று கேட்பேன். வக்கீலும் தலைமையாசிரியரும் கேட்டார்களே, அதே கேள்வி. அவரும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் கொறையில்லீங்க மேனேஜரு. நல்லாத்தான் இருக்குது" என்பார். பக்கத்தில் தட்டு மூடிய சொம்பு விளிம்பு தொட நிறைந்திருக்கும். அதைப் பார்த்து மனசு குளிர்ந்து வீட்டுக்குப் போவேன். ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல, மாதக்கணக்கில். இந்த உலகத்திலேயே அந்த நிறைந்த சொம்பின் அர்த்தம் தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். மற்றவன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

உடலை ஆஸ்பத்திரியிலிருந்து இல்லத்துக்குக் கொண்டுவந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பெண்கள் குளிப்பாட்டத் தயார்செய்துகொண்டிருந்தார்கள். நான் கூடத்துக்குள் போனேன். கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய சொம்பு இருந்தது. தட்டை எடுத்தேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளன்று ஊற்றியது, அப்படியே விளிம்பு வரை இருந்தது. மேலே ஒரு எறும்பு மிதந்தது.

செல்லம்மாள் கதவோரம் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆறு மாதமாக முழங்கால் வீக்கம். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதையும் தினமும் பார்த்தவன்தான் நான். நர்ஸம்மா தண்ணீர் குடிக்கவே மாட்டாரா என்று கேட்டேன். அவர் பயந்துகொண்டே சொன்னார்.

"குடிங்கம்மான்னு நானும் சொல்லுவேனுங்க. குடிச்சா ராத்திரில நீ என்னைத் தூக்கிட்டுக் கெணத்தடிக்குப் போகோணும், உன்ற காலு தாங்காது கண்ணும்பாங்க. மேனேஜர்கிட்டச் சொல்றேனுங்கம்மான்னேன். என்ற கையப் புடிச்சுட்டாங்க. சொல்லிப் போடாத கண்ணு, சொன்னா அவரு கக்கூஸைக் கிட்டக் கொண்டுட்டு வரமாட்டாரு, உன்னையத்தான் நிறுத்திப் போடுவாரு, நீ சாயப்பட்டறைக்குத்தான் போகோணும்னாங்க."

டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எங்கள் இல்லத்தில் தண்ணீர் கொடுத்தோம். குடிக்க விடாமல் செய்தது நான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மத்தியானத்தில் நான் செய்த காரியத்தை நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம். ஏட்டை வாங்கிக் கிழித்து என் முகத்தில் எறிந்திருக்கலாம். எட்டு வீட்டுக்குக் கேட்கிற அந்தக் குரலை வைத்துக்கொண்டு, ஒரு ஏழைப் பெண்ணின் வேலைக்காகத் தொண்டையைக் காயப்போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து நல்லாத்தான் இருக்குது என்று சொல்லியிருக்கிறார். இவனிடம் சொல்லிப் பயனில்லை என்று என்னைச் சரியாக எடைபோட்டு வைத்திருந்தார். அவர் இல்லத்தைப் பற்றிக் கடைசியாகக் கொடுத்த அறிக்கை அந்தச் சொம்புதான். அதைத் தினமும் என் கண் முன்னாலேயே வைத்திருந்தார்.

அன்று மாலை மயானத்தில் அவருடைய அண்ணன் மகன் தோளில் நீர்க்குடம் வைத்துச் சிதையைச் சுற்றி வந்தார். சுற்றுக்கு ஒரு துளையாக நாவிதர் குடத்தைக் கொத்தினார். தண்ணீர் பீறிட்டுக் காய்ந்த மண்ணில் ஓடி, ஓடிய வேகத்திலேயே உறிஞ்சப்பட்டு மறைந்தது. எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறேன், இந்தச் சடங்கைக் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குக் குடம் காலியாகும்வரை பார்த்தேன். அது உடைந்தபோது நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் அவர் கையில் பிறந்தவர்கள். மேனேஜருக்கு நர்ஸம்மாமேல் இவ்வளவு பாசமா என்று நினைத்திருப்பார்கள்.

இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. செல்லம்மாளிடம், உன்னை யாரும் நிறுத்தமாட்டார்கள் என்று சொன்னேன். "சரிங்க" என்றார். நம்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நம்பச் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. துணைக்கு இன்னோர் ஆளைப் போட்டாயிற்று. தலைவரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவரும் நர்ஸம்மா கையில் பிறந்தவர்தான். முந்தாநாள் கொத்தனார் வந்து கூடத்துச் சுவரை ஒட்டி நூல் பிடித்து அளந்துவிட்டுப் போனார். கட்டி முடித்துக் கதவு போட்ட பிறகுதான் நான் நம்புவேன்.

நேற்று மாலை ஐந்தரை மணிக்குக் கூடத்துக்குள் போனேன். கூஜாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். புதுச் சொம்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் தட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே போனேன். சிலவற்றில் பாதி, சிலவற்றில் கால். காளியம்மாள் சொம்பு மட்டும் தளும்ப நின்றது. முதன்முதலில் நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொன்ன அதே காளியம்மாள்தான், இப்போது கண் மங்கிவிட்டது. கட்டிலருகே நான் நின்றதுமே வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தார். நான் குறை கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினேன்.

"எனக்குத் தாகமா இருக்குதுங்க. ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றேன்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு தடவிச் சொம்பை எடுத்து ஊற்றினார். பாதி என் கையிலும் பாதி வேட்டியிலும் விழுந்தது. நான் குடித்தேன். அவரும் குடித்தார்.

நர்ஸம்மா, உங்கள் சொம்பிலிருந்து நான் ஒருநாளும் தண்ணீர் கேட்கவில்லை. போய் வாருங்கள். நாளைக்கும் ஐந்தரை மணிக்குப் போவேன்.